மெயினை அணைக்காதே

எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். நான் காரணமில்லாமல் யாரையாவது பார்த்துக் கத்தினால், "இவ எதுக்கோ பயந்துட்டா, விடுங்க" என்று சொல்லிவிட்டு எங்களைப் பெற்ற அத்தா பேப்பரைப் பிரித்துக்கொள்வார். அந்த மழைக்காலத்தில் நான் கத்தாத ஆள் பாக்கி இல்லை. ஆட்டோக்காரர், லேப் பிள்ளைகள், ரயிலில் குடையை மடக்காமல் ஏறிய ஓர் அம்மாள் என்று எல்லோருக்கும் கிடைத்தது.

ஆரம்பம் ஒரு போன்தான். நான் காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிறேன். காலையில் மெஷின்களை ஒவ்வொன்றாக ஆன் செய்துகொண்டிருந்தபோது அக்கா கூப்பிட்டாள்.

"கம்ப்யூட்டர் செத்துப்போச்சுடி."

"எந்தக் கம்ப்யூட்டர்?"

"என்கிட்ட எத்தன இருக்கு?"

அவளிடம் இருந்தது ஒன்றுதான். முடிச்சூரில் ஒரு கீழ்த்தள வீட்டை வாடகைக்கு எடுத்து, கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் ஒன்றை வைத்துக்கொண்டு தனியாக இருந்தாள் அக்கா. கல்யாண ப்ளவுஸ் கை, புர்கா பார்டர், பள்ளிக்கூடச் சட்டைக்கு முத்திரை என்று படப்பை வரைக்கும் கடைகளிலிருந்து வேலை வரும். மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த பழைய கம்ப்யூட்டரில்தான் டிசைன் சாஃப்ட்வேர். அது இல்லாமல் மெஷின் ஒரு தையல் போடாது.

அவள் புருஷன் கை நீட்டுகிற ஆள். ஒரு ரம்ஜானுக்கு முந்தின வாரம் கன்னம் வீங்கி வந்தவள் திரும்பிப் போகவில்லை. அத்தாவின் அண்ணன், நாங்கள் பெரியத்தா என்று கூப்பிடுவோம், குடும்பத்தைக் கூட்டி வைத்து அப்போதே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "சொந்தமா சம்பாதிச்சு நிக்க முடிஞ்சா இரு. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டோம். முடியலன்னா புருஷன் வீட்டுக்குப் போறதுதான் மரியாதை." அத்தா தன் அண்ணன் முன்னால் வாய் திறக்க மாட்டார். என் வீட்டுக்கு வந்துவிடு என்று நான் சொல்லலாம். ஆனால் அப்படி வந்தால் அவளால் முடியவில்லை என்றுதான் அர்த்தமாகும். அவ்வளவு நாளாக அவளை அந்த ஆளிடமிருந்து காப்பாற்றி வைத்திருந்தது அந்த மெஷினின் சத்தம் மட்டும்தான். போதாததற்கு, வரும் ஞாயிற்றுக்கிழமை அக்காவின் மாப்பிள்ளை வீட்டாரையும் கூட்டிக்கொண்டு, அவள் பிழைப்பைப் பார்க்க ஒரு நடை வந்துபோவதாகப் பெரியத்தா சொல்லி அனுப்பியிருந்தார்.

"என்ன பண்ணே?" என்று கேட்டேன்.

"நான் ஒண்ணும் பண்ணல. காலையில ஆன் பண்ணதும் அதுவா ஏதோ அப்டேட் ஆச்சு. கறுப்பு ஸ்க்ரீன்ல ஒரு கோடு ஓடிச்சு. ஆஃப் பண்ணாதீங்கன்னு இங்கிலீஷ்ல எழுதியிருந்துச்சு."

"ஆஃப் பண்ணியா?"

"தெருவுல தண்ணி ஏறுச்சுடி. மெயின அணைச்சேன்."

அந்தப் பக்கம் இருந்தவர்களைத் தவிர வேறு யாருக்கும் இது புரியாது. பெரிய வெள்ளம் வந்த வருஷம் முடிச்சூரில் படகு ஓடியது. தண்ணீரில் கரண்ட் பாய்ந்து ஆட்கள் போனதாக அன்றைக்குத் தெருத்தெருவாகப் பேச்சு. அதிலிருந்து அந்தத் தெருக்களில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. தண்ணீர் கேட்டைத் தொட்டால் போதும், அடுப்பில் பால் இருந்தாலும் சரி, குளிக்கிற ஆள் தலையில் சோப்பு இருந்தாலும் சரி, முதலில் ஓடிப்போய் மெயினை அணைப்பார்கள். மற்றதெல்லாம் பிறகு. அக்காவும் அதைத்தான் செய்திருந்தாள். இன்வெர்ட்டர் இருக்கிறதே, கம்ப்யூட்டர் அணையாது என்று நினைத்திருக்கிறாள். அந்த அறையின் ப்ளக் பாயின்ட் இன்வெர்ட்டர் லைனில் இல்லை என்பது அவளுக்குத் தெரியாது.

"அறிவிருக்கா உனக்கு?" என்று கத்தினேன். லேப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்று மாலையே போய்ப் பார்த்தேன். ஸ்விட்சைப் போட்டால் ஃபேன் சுற்றியது, விளக்கு எரிந்தது, திரை கறுப்பாகவே இருந்தது. மதர்போர்டில் பயாஸ் என்று ஒன்று ஒரு சின்ன சிப்பில் எழுதி வைக்கப்பட்டிருக்கும். கம்ப்யூட்டர் கண் விழித்ததும் முதலில் படிப்பது அதைத்தான். நான் யார், என்னிடம் என்னென்ன இருக்கிறது, எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதெல்லாம் அதில்தான். அதைப் புதிதாக எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பாதி பழசு, பாதி புதுசு. எதையும் படிக்க முடியாமல் போர்டு மலைத்துப்போய் நிற்கும்.

தாம்பரம் மார்க்கெட் பக்கம் இருக்கும் சர்வீஸ்காரர், "போர்டு அவுட் மேடம், வேற போட்டுக்கோங்க" என்றார். வேறு கம்ப்யூட்டராக இருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனால் அந்த டிசைன் சாஃப்ட்வேரின் லைசென்ஸ் இந்த போர்டின் வரிசை எண்ணோடு கட்டிப்போட்டது. விற்ற கம்பெனி கடையை மூடிக்கொண்டு போய்விட்டது. போர்டை மாற்றினால் சாஃப்ட்வேர் திறக்காது. அந்த வரிசை எண் இருப்பதும் அதே சிப்பில்தான். அவசரப்பட்டு வேறு கம்ப்யூட்டரின் பயாஸை அப்படியே கொண்டுவந்து எழுதினால் போர்டு எழுந்துகொள்ளும், ஆனால் வேறு ஆளாக எழுந்துகொள்ளும்.

ஆக, செய்ய வேண்டியது தெரிந்தது. சிப்பில் இருப்பதை முதலில் அப்படியே படித்து எடுக்க வேண்டும். அதிலிருந்து இந்த போர்டின் அடையாளத்தை மட்டும் பிரித்து, கெடாத ஒரு பயாஸில் பொருத்தி, திரும்ப எழுத வேண்டும். லேபில் வீணாய்ப்போன போர்டுகளில் நான் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். கெட்டால் குப்பைக்குப் போகும் போர்டுகள். அங்கே எனக்குப் பயமே இருந்ததில்லை.

அக்காவின் போர்டு அப்படி இல்லை. கரண்ட் ஒயரைப் பிடுங்கி, போர்டைக் கேபினெட்டிலிருந்து வெளியே எடுத்தேன். போர்டில் இருந்த காசு மாதிரியான பேட்டரியைக் கழற்றினேன். சிப் விரல் நகம் அளவுதான் இருக்கும், இரண்டு பக்கமும் பொடிக் கால்கள். அதன் மேல் ஒரு கிளிப்பை மாட்டி, புரோகிராமர் என்ற சின்னக் கருவி வழியாக என் லேப்டாப்போடு இணைக்க வேண்டும். கிளிப்பைத் தலைகீழாக மாட்டினால் சிப் எரிந்துவிடும். வோல்டேஜ் கூடினாலும் எரிந்துவிடும். மலிவான புரோகிராமர்களில் சில கூடுதலாகக் கொடுத்துத் தொலைக்கும் என்பதால் மல்டிமீட்டர் வைத்து அளந்தேன். அளந்தது சரிதானா என்று மறுபடி அளந்தேன். அக்கா டீ கொண்டுவந்து வைத்தாள். "போர்டு பக்கத்துல டீய வைக்காதே!" என்று போட்ட கூச்சலில் அவள் டம்ளரோடு சமையலறைக்கே திரும்பிவிட்டாள்.

பிஸ்மில்லாஹ் சொல்லி முதல் தடவை படித்தேன். சேமித்தேன். இரண்டாம் தடவை படித்து, இரண்டையும் ஒப்பிட்டேன். இரண்டும் வேறு வேறாக இருந்தன. யா அல்லாஹ் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். ஒரே சிப் இரண்டு தடவையும் ஒரே பதிலைத்தான் சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் கிளிப் சரியாகப் பிடிக்கவில்லை, அல்லது சிப்பே போய்விட்டது. ரப்பரால் அந்தப் பொடிக் கால்களைத் துடைத்து, கிளிப்பைக் கழற்றி மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி படித்தேன். இந்த முறை ஒத்துப்போனது. இன்னொரு முறை படித்தேன், அதுவும் ஒத்துப்போனது. புரியாத எழுத்துக் குப்பைக்கு நடுவில் தேடினேன். கேபினெட்டின் பின்னால் ஸ்டிக்கரில் இருக்கும் அதே வரிசை எண், ஓர் எழுத்தும் கெடாமல் அங்கே இருந்தது.

"அக்கா, உன் நம்பர் இருக்கு!" என்று கத்தினேன்.

"அப்போ ஏன் கத்துறே?" என்றாள் சமையலறையிலிருந்து.

அடுத்த நாள் லேபில் கழித்துக்கட்ட வைத்திருந்த பழைய கம்ப்யூட்டர்களில் அதே மாடல் ஒன்றைத் தேடிப்பிடித்தேன். துறைத் தலைவரிடம் கேட்டு, அதன் பயாஸைப் படித்து எடுத்தேன். அதன் அடையாளம் இருந்த இடத்தில் அக்கா போர்டின் அடையாளத்தை வைத்தேன். வேறு ஒரு எழுத்தையும் தொடவில்லை. கோப்பின் அளவு மாறவில்லை என்று பார்த்தேன், மறுபடி பார்த்தேன். சிப்பில் இருந்த பழையதையும், நான் செய்த புதியதையும் பென் டிரைவில் ஒன்று, போனில் ஒன்று, மெயிலில் ஒன்று என்று போட்டு வைத்தேன். இவ்வளவு செய்தும் ராத்திரி தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் கறுப்புத் திரைதான்.

சனிக்கிழமை மதியம் எழுதுவது என்று முடிவாயிற்று. போர்டை என் வீட்டுக்கு, கிழக்குத் தாம்பரத்துக்கு, எடுத்து வந்திருக்கலாம். அந்த மழையில் ஸ்கூட்டரில், தண்ணீர் நிற்கிற சப்வேயைத் தாண்டி, அதை மடியில் வைத்துக் கொண்டுபோக எனக்குத் தைரியம் இல்லை. மழை விடட்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை காத்திருக்காது. என் லேப்டாப்பிலும் ஒரு வில்லங்கம் உண்டு. பேட்டரி உப்பிப்போய்க் கழற்றி எறிந்தாயிற்று, ப்ளக்கில் இருந்தால்தான் அதற்கு உயிர். கல்லூரி லேப்டாப்பை வெளியே எடுக்க விட மாட்டார்கள்.

அதனால் இந்த முறை நான் புத்திசாலித்தனமாக ஒன்று செய்தேன். ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் இருந்த பாயின்ட் இன்வெர்ட்டர் லைனில் இருந்தது. அங்கிருந்து நீளமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்து, மெஷின் அறைக்குள் கொண்டுவந்து, லேப்டாப்பை அதில் சொருகினேன். அதன் பிறகு அக்காவைக் கூப்பிட்டு நிறுத்தி வைத்துச் சொன்னேன்.

"தெருவுல தண்ணி வந்தா மெயின அணைச்சுக்கோ. பரவால்ல. ஆனா இன்வெர்ட்டர் மேல மட்டும் கை வெச்சே, உன்னக் கொன்னுடுவேன். இடையில கரண்ட் போச்சுன்னா எல்லாம் போச்சு. புரியுதா?"

"புரியுது" என்றாள். முகம் வெளிறியிருந்தது. வாசலுக்குப் போய்க் கேட்டைப் பார்த்தபடி நின்றுகொண்டாள்.

எழுது என்ற பட்டனை அழுத்தினேன். முதலில் சிப்பில் இருப்பதை எல்லாம் அழிக்கும். அந்த நேரத்தில் அந்த போர்டுக்குள் ஒன்றுமே கிடையாது, வெறும் பலகை. பிறகு ஒரு பச்சைக் கோடு நகரத் தொடங்கியது. எறும்பு இதைவிட வேகமாகப் போகும். வெளியே மழை வலுத்தது. ப்ளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, கால் இரண்டையும் தரையில் ஊன்றி, கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாடியிலிருந்து வீட்டுக்காரர் குரல் வந்தது. அந்த ஊரிலேயே பிறந்தவர், ஒரு காலத்தில் அந்தத் தெரு முழுக்க அவர்கள் நிலம். "இன்னாம்மா பண்ணினு கீற? தண்ணி கேட்டாண்ட வந்துகினு கீது! மெயின ஆஃப் பண்ணு!"

"பண்றேண்ணா!" என்று அக்கா கத்தினாள். மெயின் அணைந்தது. இன்வெர்ட்டர் ஒரு பீப் போட்டது. லேப்டாப் அணையவில்லை. பச்சைக் கோடு பாதியைத் தாண்டி நகர்ந்துகொண்டே இருந்தது. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. வென்றுவிட்டோம் என்றே நினைத்தேன்.

தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை. அந்த வீடுகளில் தெருத் தண்ணீர் ஏறினால் முதலில் பாத்ரூம் ஓட்டை வழியாகத்தான் எதுக்களித்துக்கொண்டு வரும். மெஷின் அறைக்கு அடுத்தது பாத்ரூம். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டிலிருந்து திரும்பி வந்த அக்கா கதவருகே நின்றாள்.

"கால மேல தூக்கு" என்றாள். அவள் குரல் அப்படி இருந்து நான் கேட்டதில்லை.

குனிந்து பார்த்தேன். தரையில் மெல்லிசாகத் தண்ணீர் பரவிக்கொண்டிருந்தது. என் பாதம் நனைந்திருந்தது எனக்கே தெரியவில்லை. என் காலுக்கு ஒரு முழம் தள்ளி, தரையோடு தரையாக, சிவப்பு விளக்கு எரியும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கிடந்தது. கொண்டுவந்து போட்டவள் நான்தான். தண்ணீர் அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

அப்போது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? கோடு முடியப் போகிறது என்பது மட்டும்தான்.

"அணைக்காதே!" என்று கத்தினேன். "கொஞ்சம்தான் பாக்கி! அக்கா, அணைக்காதே!"

அவள் ஹாலுக்கு ஓடினாள். இன்வெர்ட்டர் ஸ்விட்ச் தட்டுகிற சத்தம் கேட்டது. விளக்கு போயிற்று, ஃபேன் போயிற்று, திரை கறுத்தது. மழைச் சத்தம் மட்டும் இருந்தது.

அவள் இருட்டில் வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் கை சில்லென்று இருந்தது. போர்டையும் லேப்டாப்பையும் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் மாடிப்படி ஏறினோம். வீட்டுக்காரர் கதவைத் திறந்து, "ஒரே பேஜாரா பூட்ச்சும்மா, உள்ள வாங்க" என்றார். அக்கா உள்ளே போகவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஈரக் காலைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குப் புத்தி வந்தது. இது அன்றைக்குக் காலையில் தானாக நடந்த அப்டேட் இல்லை. அங்கே தன்னைத்தானே எழுதிக்கொண்டிருந்த போர்டு பாதியில் விழுந்தது. இங்கே வெளியிலிருந்து எழுதுவது நான். கோப்பு போனிலும் மெயிலிலும் இருக்கிறது. பாதியில் நின்றால் சிப்பை அழித்து மறுபடி எழுதலாம். எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம். இதற்காகத்தானே அத்தனை முறை படித்து அத்தனை பிரதி எடுத்து வைத்தேன்? பயத்தில் எல்லாம் மறந்துபோயிருந்தது.

"அக்கா," என்றேன், "ஒண்ணும் போகல. திரும்ப எழுதிக்கலாம்."

அவள் என்னை வெறித்துப் பார்த்தாள். பிறகு முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். வலித்தது. "எல்லாம் போச்சுன்னு நீதானேடி சொன்னே!"

"பயத்துல சொல்லிட்டேன்."

"உன் பயத்துல இடி விழ!" என்று சொல்லிவிட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

விடிந்ததும் தண்ணீர் வடிந்து, சேறு மட்டும் கிடந்தது. கரண்ட் வந்தபின் வீட்டுக்காரர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், தண்ணீர் எட்டாத உயரத்தில் வைத்து, மறுபடி எழுதினேன். கோடு கடைசி வரைக்கும் போனது. எழுதியதைச் சரிபார்த்தேன், சரி என்று வந்தது. அப்படியும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. போர்டைக் கேபினெட்டில் பூட்டி, பேட்டரியைப் போட்டு, ஸ்விட்சைத் தட்டியபோது திரை கறுப்பாகவே இருந்தது. முதல் தடவை நேரம் எடுக்கும் என்று தெரியும். அக்கா எனக்குப் பின்னால் நின்று என் தோளைப் பிடித்திருந்தாள், நகம் பதிந்தது. பிறகு திரையில் வெள்ளையாக எழுத்து வந்தது. தேதி மட்டும் எந்தக் காலத்தையோ காட்டியது, அதைச் சரிசெய்தேன். டிசைன் சாஃப்ட்வேர் ஒரு கேள்வியும் கேட்காமல் திறந்தது.

மதியம் பெரியத்தா மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பேரோடு வந்தபோது, மெஷின் ஒரு கல்யாண ப்ளவுஸின் கையில் மயில் போட்டுக்கொண்டிருந்தது. வந்தவர்கள் சேற்றைத் தாண்டித் தாண்டி வந்து உட்கார்ந்தார்கள். பெரியத்தா ஏதோ ஆரம்பித்தார். மெஷின் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. அக்கா மெஷினை நிறுத்தவில்லை. "சொல்லுங்க பெரியத்தா, அர்ஜென்ட் ஆர்டர்" என்று நூலைப் பார்த்தபடியே சொன்னாள். டீ குடித்தார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள், போய்விட்டார்கள்.

அவர்கள் போன பிறகு நான் அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் சுவரில் உயரமாக ஆணியடித்து மாட்டிக்கொண்டிருந்தேன். அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"நேத்து இன்வெர்ட்டர்ல கை வெச்சப்போ, சரி, அங்கயே போயிடலாம்னு நெனச்சுக்கிட்டேன்."

எனக்கு உடனே புரியவில்லை. பிறகு புரிந்தது. அவளைப் பொறுத்தவரை, அந்த ஸ்விட்சோடு எல்லாம் போய்விடும். நான்தான் அப்படிச் சொல்லி வைத்திருந்தேன். அதைத் தட்டினால் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும், அந்தக் கையிடம். அது தெரிந்துதான் தட்டியிருக்கிறாள். நான் அணைக்காதே என்று கத்திக்கொண்டிருந்தபோது.

"பைத்தியமா உனக்கு?" என்று கத்தினேன். கையிலிருந்த சுத்தியல் கீழே விழுந்தது.

"பயந்துட்டியா?" என்றாள் அக்கா. மெஷினை ஓடவிட்டாள்.